உன் அப்பாவின் கார் சோதனைக்குப் போன கதை

ஹார்ன்காசில்,
அக்டோபர், ஞாயிறு மதியம்

அன்புள்ள ரோவெனாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், அவருடைய இடது கட்டைவிரல் நகம் மட்டும் இன்னும் கறுத்துக் கிடக்கிறது, புது நகம் முளைத்து அதைத் தள்ளிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அங்கே நீயும் மாப்பிள்ளை டேனும் பேரன் ஃபெர்கஸ் குட்டியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். உலகத்தின் அந்தக் கோடியில் இப்போது வசந்தம், ஆடுகள் குட்டி போடும் காலம், கால்நடை டாக்டரான நீ பண்ணை பண்ணையாக அலைந்துகொண்டிருப்பாய், ஈரக் காலுறையோடு வண்டி ஓட்டாதே, மாற்று ஜோடி ஒன்றை எப்போதும் வண்டியிலேயே வைத்துக்கொள், ஆடுகளிடம் காட்டும் அக்கறையில் பாதியை உன்னிடம் காட்டினால் போதும். டோரீன் அத்தைக்கு இடுப்பு மூட்டு மாற்றியாகிவிட்டது, இப்போது என்னை விட வேகமாக நடக்கிறாள், மூட்டு மாற்றாத என்னைப் பார்த்துப் பரிதாபப்படுகிறாள். தேவாலயத்து அறுவடை விருந்துக்கு நான் செய்துகொண்டு போன ஆப்பிள் பணியாரத்தில் சர்க்கரை போட மறந்துவிட்டேன், ஆனாலும் எல்லோரும் பிரமாதம் என்றார்கள், நம் ஊர்க்காரர்களை நம்பி எதையும் ருசிக்கக் கொடுக்கக்கூடாது.

போன ஞாயிறு நீ தொலைபேசியில் கேட்டது ஒரே கேள்வி. அப்பா வீட்டிலேயே பாகம் பாகமாகச் சேர்த்துப் பூட்டிய கார் சோதனையில் தேறியதா இல்லையா என்று கேட்டாய். அதற்கு உன் அப்பா, "அதெல்லாம் அம்மா எழுதுவா" என்று சொல்லிவிட்டு மழையைப் பற்றி நெடுநேரம் பேசியது எனக்கு அடுப்படியில் கேட்டது. எனவே எழுதுகிறேன். ஆனால் விடையை இங்கேயே சொல்லிவிட்டால் மீதியை நீ படிக்கமாட்டாய். வழியைக் காட்டாமல் விடையை மட்டும் எழுதிய பிள்ளைக்கு நான் ஒருநாளும் முழு மதிப்பெண் கொடுத்ததில்லை, அதே சட்டம் எனக்கும் பொருந்தும். நீ மறந்திருக்கமாட்டாய், கிறிஸ்துமஸ் அன்று நீ தொலைபேசியில் அழுததைத் தாங்கமுடியாமல் அவர் உனக்கு வாக்குக் கொடுத்தார். "சரிம்மா, அழாதே. அரசாங்கச் சோதனையில முதல் தடவையே தேறலைன்னா அந்தக் கிரெய்க் பையனுக்கே கொடுத்துடறேன்" என்றார். லிங்கன் ஊரில் பட்டறை வைத்திருக்கும் உன் சிநேகிதியின் அண்ணன் கிரெய்க், அரைகுறைக் கார்களை வாங்கி முடித்து விற்கிறவன், அன்றைக்கே தன் பட்டறையில் ஒரு மூலையைக் காலிசெய்து வைத்துவிட்டான் என்றும் கேள்விப்பட்டேன். வீட்டில் பூட்டிய கார் முதல் தடவையே தேறுவது அபூர்வம் என்று அவன் உனக்குச் சொல்லியிருக்கிறான், நீ எனக்குச் சொன்னாய், விஷயம் தெரியாதவர் உன் அப்பா ஒருவர்தான். அப்போது நாம் இரண்டு பேரும் ஒரே கட்சி. கதவு இல்லை, கூரை இல்லை, உட்கார்ந்தால் சாலையைக் கையால் தொடலாம், அப்படி ஒரு வண்டியில் எழுபதை நெருங்குகிற மனிதர் போவதை எந்த மகள்தான் விரும்புவாள். நானும் விரும்பவில்லை.

அதுவும் யார்? உன் அப்பா. நீ ஐந்து வயதில் ஊஞ்சலில் ஏறினால் அதன் சங்கிலியை ஒவ்வொரு கண்ணியாகத் தடவிப் பார்த்த பிறகுதான் தள்ளிவிடுவார். உன் முதல் சைக்கிளுக்கு மணி இரண்டு வைத்தார், ஒன்று கெட்டால் இன்னொன்று வேண்டுமாம். வேலைக் காலம் முழுக்க இன்சூரன்ஸ் கம்பெனிக்காக இடிபட்ட கார்களைப் பார்த்து மதிப்புப் போட்டவர், அதனால் ஒரு காரில் எத்தனை உறுப்பு உண்டோ அத்தனைக்கும் பெயர் தெரியும், அது எப்படியெல்லாம் வளையும், எப்படியெல்லாம் முறியும் என்றும் தெரியும். ஒன்றைக் கழற்றவோ மாட்டவோ மட்டும் தெரியாது. உலகத்துத் தலைநகரங்களை எல்லாம் ஒப்பிப்பான், பள்ளிக்கூட வாசலில் எந்தப் பேருந்தில் ஏறுவது என்று தெரியாமல் நிற்பான், அப்படி ஒரு பிள்ளை எல்லா வகுப்பிலும் இருப்பான். நம் வீட்டுக் குழாய் சொட்டினால் ஆள் வரும்வரை கீழே வாளி வைத்து, வாளியில் வழுக்கி யாரும் விழாமல் இருக்க ஓர் எச்சரிக்கைப் பலகையும் வைத்த மனிதர், ஒருநாள் காலையில் பெட்டி பெட்டியாக ஒரு காரை இறக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

பூட்டும் முறையைச் சொல்லும் புத்தகம் ஒன்று கூடவே வந்தது. அதை எழுதியவர் ஒருநாளும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லியிருக்கமாட்டார். முதல் பக்கத்தில் ஸ்பேனரை எப்படிப் பிடிப்பது என்று படம் போட்டிருக்கிறது, அடுத்த பக்கத்தில் 'இப்போது எஞ்சினைப் பொருத்திக்கொள்ளவும்' என்று ஒரே வரி. எஞ்சினுக்காக ஒரு பழைய காரை வாங்கி வாசலில் வைத்துப் பிரித்தார், பிரித்த ஒவ்வொன்றையும் என்னுடைய ஜாம் பாட்டில்களில் போட்டுப் பெயர் எழுதி ஒட்டினார், அந்த வருடம் நம் வீட்டில் பிளம் ஜாம் கிடையாது. இரண்டு இருக்கைக்கும் இடையே ஓடும் நடுத்தண்டுக்கு மேல் அலுமினியத் தகட்டை வைத்து ஓட்டை போட்டு வரிசையாக ரிவெட் ஆணி அடித்தார், அவ்வளவு நேர்த்தி, தையல் போட்ட மாதிரி, என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நான் ரசித்துவிட்டு, மேசைமேல் கிடந்த நீளக் கம்பியைக் காட்டி இது எங்கே போகும் என்று கேட்டேன். அது ஹேண்ட் பிரேக் கம்பி. அந்தத் தகட்டுக்குள்ளே போக வேண்டியது. அவர் அதை எடுத்துப் பார்த்தார், தகட்டைப் பார்த்தார், "டீ போடறியா எனிட்" என்றார். அடித்த ரிவெட்டை எல்லாம் துளைத்து எடுத்தார், மறுபடி அடித்தார், கட்டைவிரல் நசுங்கியது அந்த இரண்டாவது முறையில்தான். நான் டீயைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தேன். தப்பைத் தானே அழித்துத் தானே திருத்துகிற பிள்ளையிடம் எதுவும் சொல்லக்கூடாது.

என்னை இதில் இழுத்துவிட்டது பிரேக். பிரேக் குழாய்க்குள் காற்று நின்றுவிட்டால் பிரேக் பிடிக்காதாம், அந்தக் காற்றை வெளியே எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் காருக்குள் உட்கார்ந்து காலால் அமுக்க வேண்டும், மற்றவர் சக்கரத்தடியில் படுத்து ஒரு சின்னத் திருகைத் திறந்து மூட வேண்டும். உன் அப்பாவின் பாதத்துக்கு அந்த மூன்று மிதிகளும் ரொம்ப நெருக்கம், சாதாரணச் செருப்புப் போட்டால் பிரேக்கையும் ஆக்ஸிலரேட்டரையும் சேர்த்து மிதித்துவிடுவார். அதற்காகப் பள்ளிப் பிள்ளைகள் உடற்பயிற்சிக்குப் போடும் கறுப்புக் கான்வாஸ் காலணி ஒரு ஜோடி வாங்கி வைத்திருக்கிறார், அதைப் போட்டுக்கொண்டு நிற்கும்போது இந்த மனிதரை யார் வகுப்புக்கு வெளியே நிறுத்தியது என்று கேட்கத் தோன்றும். ஆகவே அமுக்குவது என் வேலை ஆனது. "அமுக்கு" என்பார், அமுக்குவேன். "பிடி" என்பார், பிடிப்பேன். "விடு" என்பார். "விடட்டுமா?" என்று கேட்பேன். "இன்னும் விடலையா!" என்று கீழேயிருந்து சத்தம் வரும். "நீங்க சொல்றதுக்கு முன்னாடி விட்டா திட்டுவீங்க, சொன்னப்புறம் கேட்டாலும் திட்டுவீங்களா?" என்றேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து நாங்கள் இவ்வளவு நேரம் தொடர்ந்து ஒருவரோடு ஒருவர் பேசியதில்லை, அதுவும் மூன்றே சொற்களை வைத்துக்கொண்டு. அங்கே உட்கார்ந்து, அவர் முகம் தெரியாமல் அவர் கால் மட்டும் தெரிந்துகொண்டிருந்தபோது, இது எதற்கு ரோலண்ட், உண்மையைச் சொல்லுங்கள் என்று கேட்டேன். திருகை இறுக்குகிற சத்தம் வந்தது. பிறகு சொன்னார்: "நான் பார்த்த காரெல்லாம் இடிச்ச கார்தான் எனிட். ஒவ்வொன்னும் நசுங்கினப்புறம்தான் எங்கிட்ட வரும். இடிக்கறதுக்கு முந்தி ஒரு கார் எப்படி இருக்கும்னு ஒரே ஒரு தடவை பார்த்துடணும்னு தோணுச்சு." அதோடு, "அமுக்கு" என்றார். நான் அமுக்கினேன். ரோவெனா, அன்றைக்கே நான் கட்சி மாறிவிட்டேன் என்று நினைக்காதே. சோதனை நாள்வரை உன் பக்கம்தான் இருந்தேன்.

சோதனைக்கு முந்தின வாரம் நாரிஸ் வந்தார். சர்க்கரை ஆலைக்குப் பீட் கிழங்கு போடும் விவசாயி, அவர் மகளுக்கு நான்தான் எழுத்துக் கற்றுக்கொடுத்தேன், இந்த வட்டாரத்தில் வீட்டில் கார் பூட்டுகிறவர்கள் சங்கத்துக்கு அவர்தான் தலைவர், காரியதரிசி, டீ போடுகிறவர் எல்லாம். காரைச் சுற்றி வந்தார், உதட்டைப் பிதுக்கினார், கையிலிருந்த பெரிய பிஸ்கட் டப்பாவைத் திறந்து வைத்தார். உள்ளே வெட்டின ரப்பர் பட்டைகள், போல்ட் தலைக்கு மாட்டும் பிளாஸ்டிக் குல்லாய்கள், அது தவிர ஒரு தடியான மெத்தை வைத்த ஸ்டியரிங் வளையம், யானைக் காது மாதிரி இரண்டு கண்ணாடிகள். அதாவது, காரில் எங்கேயும் கூர்மையான விளிம்பு இருக்கக்கூடாது, யார் மேலாவது பட்டால் கிழிக்கும் என்பது சட்டம். அதிகாரி ஒரு பந்தைக் கொண்டுவந்து கார் முழுக்க உருட்டிப் பார்ப்பார், பந்து தொடுகிற இடமெல்லாம் மழுங்கியிருக்க வேண்டும். இந்த டப்பா, சோதனைக்குப் போகிற ஒவ்வொரு காருக்கும் ஒருநாள் போய்வரும், தேறினதும் எல்லாவற்றையும் உருவி டப்பாவில் போட்டு அடுத்தவருக்குக் கொடுத்துவிட வேண்டும். இந்த மாவட்டத்தில் தேறிய கார் எல்லாம் இதே குல்லாயைப் போட்டுத்தான் தேறியிருக்கிறது.

உன் அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "அதிகாரி பார்க்க ஒரு காரு, ஊர்ல ஓட்ட ஒரு காரா? இதுக்குப் பேரு மோசடி நாரிஸ்" என்றார். நாரிஸ் அசரவில்லை. "யோவ் ரோலண்டு, கல்யாணத்துக்கு நீ போட்டது யார் கோட்டு? உன் மச்சான் கோட்டுதானே? மறுநாள் திருப்பிக் கொடுத்தியே, பொண்டாட்டியையும் சேர்த்தா திருப்பிக் கொடுத்தே?" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, ஏனென்றால் எனக்கு இந்த டப்பாவை நன்றாகத் தெரியும். பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்டர் வருகிற வாரம் நினைவிருக்கிறதா? மூன்று பள்ளிக்கூடங்களுக்கு ஒரே ஒரு மீன் தொட்டி இருந்தது. இன்ஸ்பெக்டர் எந்தப் பள்ளிக்குப் போகிறாரோ அதற்கு முந்தின மாலை மீன் அங்கே போய்ச் சேர்ந்துவிடும். அவர் எங்கள் வகுப்புக்கு வந்து குனிந்து பார்த்து, "இந்த மீனை எங்கயோ பார்த்திருக்கேனே" என்றார். "எல்லா மீனும் ஒரே ஜாடைதான் சார்" என்றேன். அவரும் தலையாட்டிவிட்டு நல்லபடியாகவே எழுதினார். இதை உன் அப்பாவுக்குச் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, மாட்டுகிறேன், ஆனால் சோதனை முடிந்த பிறகு எனக்கென்று ஒரு செட் வாங்கிக் காலத்துக்கும் கழற்றாமல் வைத்துக்கொள்வேன் என்றார். நாரிஸ் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "வெச்சுக்கட்டும் டீச்சரம்மா, நிறைய பேரு அப்படித்தான் சொன்னாங்க" என்றார். அவர் கிளம்பும்போது வாசல்வரை போய், முதல் தடவையே தேறுகிறவர்கள் உண்டா என்று மெதுவாகக் கேட்டேன். "எங்க சங்கத்துல இதுவரை யாரும் இல்ல. என்னோடது மூணாவது தடவைதான்" என்றார் பெருமையாக. உள்ளே வந்து கிரெய்க்குக்குக் குறுஞ்செய்தி அனுப்பலாமா என்றுகூட நினைத்தேன்.

சோதனை நாள் காலை நாரிஸின் டிரெய்லரில் காரை ஏற்றினோம். ரப்பரும் குல்லாயும் யானைக் காதும் வைத்து அது சளி பிடித்த குழந்தைக்குக் குளிருக்காகச் சுற்றிவிட்ட மாதிரி இருந்தது. உன் அப்பா ஞாயிற்றுக்கிழமைக் கோட்டும் கான்வாஸ் காலணியும் போட்டிருந்தார்.  சோதனை நிலையத்தில் பென்ஃபோல்ட் என்று ஓர் அதிகாரி, ஒல்லியான நெட்டை மனிதர், பேனாவை நூலில் கட்டிக் கழுத்தில் மாட்டியிருந்தார். இன்ஸ்பெக்டர்களில் இரண்டு வகை உண்டு, வந்தவுடனே சிரிக்கிறவர் ஒருவர், போகும்போது சிரிக்கிறவர் ஒருவர், முதல் வகையைத்தான் நம்பக்கூடாது. இவர் சிரிக்கவில்லை. "யாரு பூட்டினது?" என்றார். "நான்தான்" என்றார் உன் அப்பா. "இதுக்கு முந்தி பூட்டியிருக்கீங்களா?" "இல்ல. உடைஞ்சதை மட்டும்தான் பார்த்திருக்கேன்." பென்ஃபோல்ட் அவரை நிமிர்ந்து ஒருமுறை பார்த்துவிட்டு வேலையை ஆரம்பித்தார்.

விளக்கு, ஹாரன், பெல்ட், புகை, சத்தம் என்று ஒவ்வொன்றாகப் போனது. பென்ஃபோல்ட் வண்டியை வளைத்து ஓட்டிக்கொண்டே ஸ்டியரிங்கை விட்டுவிட்டார், அது தானாக நேராக வர வேண்டுமாம், வந்தது, என்னவோ யோசித்துவிட்டு வந்த மாதிரி வந்தது. பிறகு சக்கரங்களை உருளைகள்மேல் ஏற்றிப் பிரேக்கை அமுக்கினார். உன் பயமெல்லாம் பிரேக்கைப் பற்றித்தான் என்று எனக்குத் தெரியும், அதனால் இதைக் கவனமாகப் படி. பிடிப்பின் அளவைக் காட்டுகிற முள் இரண்டு பக்கமும் ஒரே உயரத்துக்கு ஏறி அசையாமல் நின்றது. பென்ஃபோல்ட் மறுபடியும் ஒருதரம் அமுக்கிப் பார்த்தார். "தொழில்காரங்க பூட்டினதுகூட இவ்வளவு சமமா பிடிக்காதே. காத்தை யாரு எடுத்தது?" என்று கேட்டார். "அவ அமுக்கினா, நான் திறந்தேன்" என்றார் உன் அப்பா. ரோவெனா, எனக்கு எத்தனையோ பிரிவுபசார விழா நடந்திருக்கிறது, பூங்கொத்தும் சுவர்க் கடிகாரமும் கொடுத்திருக்கிறார்கள், என்னைப் பற்றி யாரும் இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை.

அடுத்தது பந்து. பென்ஃபோல்ட் அதை எடுத்துவர அறைக்குள் போனார். உன் அப்பா காரின் பின்பக்கம் நின்று கைக்குட்டையால் எதையோ துடைத்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் பார்த்தேன், முன்பக்கம் வலது விளக்கைத் தாங்குகிற கம்பியின் நட்டுமேல் குல்லாய் இல்லை. வழியில் காற்றில் பறந்துவிட்டிருக்கிறது. நட்டு வெயிலில் பளபளவென்று, முனை முனையாக, நான் இங்கே இருக்கிறேன் என்று நிற்கிறது. அந்த ஒன்று போதும். பந்து அதைத் தொட்டால் பென்ஃபோல்டின் பேனா எழுதிவிடும், கார் கிரெய்க்கின் பட்டறைக்குப் போய்விடும், நீ நிம்மதியாகத் தூங்குவாய், நானும் தூங்குவேன். நான் எந்தப் பாவமும் செய்ய வேண்டியதில்லை, கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றால் போதும். நின்றேன். கொஞ்ச நேரம் நின்றேன். உனக்கு ஒன்று சொல்லட்டுமா, ஒரு பிள்ளை எல்லாக் கணக்கையும் சரியாகப் போட்டிருப்பான், தாளில் பெயர் எழுத மறந்திருப்பான். பெயர் இல்லாத தாளுக்குச் சுழி என்பதுதான் விதி. நான் வேலை பார்த்த காலம் முழுக்க அந்தப் பெயரைப் பென்சிலால் நானே எழுதிவிட்டுத்தான் திருத்தியிருக்கிறேன், அவன் கணக்குத் தப்பாக இருந்தால் அது வேறு, பெயருக்காக ஒருவனை நான் தோற்கடித்ததில்லை. பிரேக் பிடிக்காமல் இருந்திருந்தால் நானே பென்ஃபோல்டைக் கூப்பிட்டுக் காட்டியிருப்பேன், இது சத்தியம். ஆனால் இது பெயர் எழுதாத தாள்.

கைப்பையில் துழாவினேன். தாள் எண்ணும்போது விரலில் மாட்டுகிற ரப்பர் உறை, ரோஜா நிறம், மேலே புள்ளி புள்ளியாக இருக்குமே, தேவாலயத்துச் செய்தித்தாள் மடிக்க இப்போதும் வைத்திருக்கிறேன். அதை எடுத்து நட்டுமேல் வைத்து அழுத்தினேன். அளவெடுத்துச் செய்த மாதிரி உட்கார்ந்தது. பென்ஃபோல்ட் பந்தோடு வந்தார். கதவில்லாத விளிம்பு, சக்கரத்து மேல்மூடி, கண்ணாடி எல்லாம் உருட்டினார். விளக்குக் கம்பிக்கு வந்தவர் நின்றார். குனிந்தார். மூக்கு படுகிற தூரத்தில் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இது என்னம்மா?" என்றார். எனக்கு வகுப்பறைக் குரல் தானாக வந்துவிட்டது. "உங்க விதியில நிறத்தைப் பத்தி எதுவும் இருக்கா, இல்ல முனை மழுங்கியிருக்கணும்னு மட்டும்தான் இருக்கா?" என்றேன். பென்ஃபோல்ட் பந்தை அதன்மேல் மெதுவாக உருட்டினார். "மழுங்கித்தான் இருக்கு" என்றார். பேனாவை எடுத்தார். உன் அப்பா பின்பக்கத்திலிருந்து, "என்ன, ஏதாவது பிரச்சனையா?" என்று குரல் கொடுத்தார். "ஒண்ணுமில்ல சார், உங்க வீட்டம்மாவுக்கு ஒரு சந்தேகம்" என்றார் பென்ஃபோல்ட்.

தேறிவிட்டது, ரோவெனா. முதல் தடவையே. சான்றிதழைக் கையில் வாங்கியபோது உன் அப்பா அதைப் படிக்கவில்லை, நீ பிறந்த அன்று நர்ஸ் உன்னைக் கொடுத்தபோது நின்ற மாதிரியே நின்றார், எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல். பென்ஃபோல்ட் அப்போதுதான் சிரித்தார், ஆக இரண்டாவது வகை. வெளியே காத்திருந்த நாரிஸுக்கு நம்பவே முடியவில்லை, "முதல் தடவையா? உனக்கா? ரிவெட்டை ரெண்டு தடவை அடிச்சவனுக்கா?" என்று கேட்டுக்கொண்டே அங்கேயே ரப்பரை எல்லாம் உருவ ஆரம்பித்தார். உன் அப்பா தடுக்கப் போனார், தன் கொள்கையை நினைவுபடுத்தினார். நாரிஸ் ஒரு பக்கம் முழுக்க உருவிவிட்டு, "இப்பப் பாரு" என்றார். அவர் பார்த்தார். கம்பியும் நட்டும் வளைவும் வெயிலில் மின்னின. "அழகாத்தான் இருக்கு" என்றார், அவ்வளவுதான், மறுபக்கத்தை அவரே உருவினார். ரோஜா நிறக் குல்லாய் ஒன்று கையில் வந்தது. "இது எதுல இருந்தது?" என்று கேட்டார். "நம்ம டப்பாவுல என்னதான் இல்ல" என்று நாரிஸ் அதையும் வாங்கி உள்ளே போட்டார். நான் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது அது பக்கத்து ஊரான ஸ்லீஃபோர்டில் யாருடைய காரிலோ மாட்டியிருக்கிறது. இதை நீ உன் அப்பாவிடம் சொல்லக்கூடாது, டேனிடம் சொன்னால் பரவாயில்லை, அவர் எதையும் காதில் வாங்கமாட்டார். கிரெய்க்கிடம் விஷயத்தை நானே தொலைபேசியில் சொன்னேன், அவன், மூலையில் வேறு ஏதாவது வைத்துக்கொள்கிறேன் ஆன்ட்டி என்றான், பண்பான பையன்.

நீ கோபப்படுவாய். அம்மா இப்படிச் செய்யலாமா என்பாய். பயப்படுவாய் என்பதும் தெரியும், அதனால் முதல் சவாரியை அப்படியே சொல்லிவிடுகிறேன். எண் பலகை இந்த வாரம்தான் வந்தது. அவர் பக்கத்தில் நான் உட்கார்ந்தேன், உட்காருவது என்று சொல்வதைவிட இறங்குவது என்று சொல்ல வேண்டும், கிணற்றுக்குள் இறங்குகிற மாதிரி. தோள் இரண்டிலும் பட்டை போட்டு இறுக்கினார், இறுக்கியது சரியா என்று பார்த்தார், திரும்பவும் பார்த்தார். கிளம்பினோம். நம் தெருக்கோடியில் பால் வண்டி எங்களுக்கு முன்னால் போனது, அதை அவர் முந்தவில்லை, அது திரும்பும்வரை பின்னாலேயே போனார். ஊருக்கு வெளியே வந்ததும் பின்னால் பெரிய சத்தம், பார்த்தால் நாரிஸின் டிராக்டர், கிழங்கு நிரம்பிய வண்டியை இழுத்துக்கொண்டு. அது எங்களை முந்துவதற்கு நெருங்கியபோது நாரிஸ் மேலேயிருந்து குனிந்து, "ஏம்பா ரோலண்டு, பாதைவிடு, கிழங்கு காஞ்சிடும்!" என்று கத்தினார். உன் அப்பா இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, இடப்பக்கமாகச் சமிக்ஞை காட்டி, கண்ணாடி பார்த்து, ஒதுங்கி வழிவிட்டார். இதுதான் நீ பயந்த பந்தயக் கார்.

கேஸ்டர் போகிற பழைய மேட்டுச் சாலை உனக்குத் தெரியும், ஒரு வளைவு இல்லாமல் மேட்டின்மேல் நேராகப் போகும், இரண்டு பக்கமும் அறுவடையான வயல். அங்கே ஒரு வண்டி இல்லை. அவர் அதே வேகத்தில் போனார். நான் அவரைப் பார்த்தேன். கண்ணாடியைப் பார்க்கிறார், முள்ளைப் பார்க்கிறார், முன்னால் எந்த இடத்தில் எது வந்து மோதும் என்று பார்க்கிறார். பழக்கம், அவரைக் குறை சொல்ல முடியாது, இத்தனை வருடம் சாலையின் முடிவில் நசுங்கிக் கிடந்ததை மட்டும் பார்த்தவர். நான்தான் சொன்னேன், "கொஞ்சம் வேகமாத்தான் போங்களேன் ரோலண்ட்" என்று. நான்தான், ரோவெனா. அவர் திரும்பி, "நிஜமாவா?" என்றார். "பிரேக்கு எப்படின்னு எனக்குத் தெரியும்" என்றேன். அவர் கான்வாஸ் காலணியை மெதுவாக அழுத்தினார். என் தலைத் துணி பறந்து ஏதோ வயலில் விழுந்தது, திரும்பிப் போய்த் தேடவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது, காற்றினால்தான். எவ்வளவு வேகம் என்று நான் எழுதமாட்டேன், சட்டத்துக்குள்தான் இருந்தது, ஆனால் சட்டத்தின் மேல்வரம்பைத் தொட்டுக்கொண்டு இருந்தது. மேட்டு முடிவில் நிறுத்தி எஞ்சினை அணைத்தார்.  அவர் தன் முன்னாலிருந்த தகட்டைக் கையால் தடவினார், ஊஞ்சல் சங்கிலியைத் தடவுகிற மாதிரி இல்லை, நாய்க்குட்டியைத் தடவுகிற மாதிரி. "எங்கேயும் ஒரு நசுங்கல் இல்ல பாரு" என்றார்.

உனக்கும் டேனுக்கும் ஃபெர்கஸுக்கும் எங்கள் இருவருடைய ஆசியும் முத்தமும். உடம்பைப் பார்த்துக்கொள், தூக்கத்தைக் கடன் வைக்காதே, ஃபெர்கஸ் பல் தேய்க்கிறானா என்று பக்கத்தில் நின்று பார், தேய்த்தேன் என்று சொல்வதை நம்பாதே. மே மாதம் நீ மட்டும் வரும்போது வழக்கம்போல நாங்கள் இருவரும் விமான நிலையத்துக்கு வந்து நிற்கமுடியாது, வண்டியில் இரண்டே இருக்கை. நான் வீட்டில் இருந்து சமைக்கிறேன். கடினமான சூட்கேஸ் கொண்டுவராதே, வைக்க இடம் கிடையாது, மடியில் வைத்துக்கொள்கிற மாதிரி மெத்தென்ற பை போதும். தலைமுடியை இறுகப் பின்னிக்கொண்டு வா, பயமாக இருந்தால் அவரிடம் மெதுவாகப் போகச் சொல், மேட்டுச் சாலைக்கு வந்த பிறகு என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியாது.

என்றும் உன் நலம் கோரும்,
அம்மா
(எனிட்)